மாற்றிய எழுத்தும் மாறாத இழையும்

ஒரு மரபணு உயிரணுவில் என்ன வேலை செய்கிறது என்பதை அறிய உயிரியலாளர்கள் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் வழி, அந்த மரபணுவில் மாற்றம் நேர்ந்த உயிரியையும் நேராத உயிரியையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதாகும். மரபணுவில் நேரும் இத்தகைய மாற்றத்தைத் திடீர்மாற்றம் என்கின்றனர். இயற்கையில் அது அரிதாகவே நிகழ்வதால், 1927இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெர்மன் முல்லர் பழ ஈக்களின்மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்தித் திடீர்மாற்றங்களைப் பன்மடங்கு பெருக்கிக் காட்டியது பெரிய திருப்பமாக அமைந்தது. 1946ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கு அதற்காகவே வழங்கப்பட்டது. 1940களில் எடின்பரோவில் சார்லட் ஆவர்பாக், போர்க்களத்தில் பயன்பட்ட கடுகு வாயுவும் அதே விளைவைத் தரும் என்று நிறுவினார். பயிர் ஆராய்ச்சியிலும் இவ்வழி புகுந்தது: கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதனும் அவருடைய குழுவினரும் 1960களில் தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில், செந்நிற மணிகளைக் கொண்ட சொனோரா 64 என்னும் மெக்சிகோ கோதுமையைக் காமா கதிர்களுக்கு உட்படுத்தி, இந்தியர்கள் விரும்பும் பொன்னிற மணிகளைத் தரும் ஷர்பதி சொனோரா வகையை உருவாக்கினர்.

கதிரானாலும் வேதிப்பொருளானாலும், அது டி.என்.ஏ.வின் எந்த இடத்தைத் தாக்கும் என்பதை ஆய்வாளரால் முடிவுசெய்ய முடியாது. ஆயிரக்கணக்கான உயிரிகளில் மாற்றங்களை உண்டாக்கிவிட்டு, வேண்டிய பண்பு தென்படும் ஒன்றிரண்டைப் பொறுக்கி எடுப்பதே அவரால் இயன்றது. விரும்பிய மாற்றத்தோடு அறியாத மாற்றங்கள் பலவும் கூடவே வருவதால், பண்பு மாறியதற்கு அவற்றுள் எது காரணம் என்பதும் எளிதில் விளங்குவதில்லை. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் இடத்தைத் தேர்ந்து, அங்கே மட்டும் மாற்றம் செய்து, அதன்பின் விளைவைப் பார்க்கும் முறை 1978இல் வெளியானது. இலக்குத் திடீர்மாற்றம் எனப்படும் இம்முறையின் வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால் ஓர் உண்மை புலப்படுகிறது: புதியதைப் புகுத்துவது விரைவிலேயே கைவந்துவிட்டது, பழையதை அகற்றுவதுதான் கடினமாக இருந்தது, இன்றும் கடினமாகவே இருக்கிறது.

எழுத்தும் பொருளும்

டி.என்.ஏ. என்பது ஒன்றையொன்று சுற்றிய இரண்டு நீண்ட இழைகளால் ஆனது. ஒவ்வோர் இழையிலும் அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கு காரப்பொருள்கள் பல்வேறு வரிசைகளில் அமைந்துள்ளன. அவற்றை ஏ, டி, ஜி, சி என்று சுருக்கி எழுத்துகள் என்றே குறிப்பிடுவது வழக்கம். ஓர் இழையில் ஏ இருக்கும் இடத்துக்கு எதிரே மற்றதில் டி இருக்கும். ஜி இருக்கும் இடத்துக்கு எதிரே சி இருக்கும். ஆகவே ஓர் இழை கிடைத்தாலே மற்ற இழையை எழுதிவிடலாம், உயிரணு டி.என்.ஏ.வைப் படியெடுப்பதும் பழுது நீக்குவதும் இந்த விதியை வைத்துத்தான்.

மரபணுவின் எழுத்துகள் மூன்று மூன்றாகச் சேர்ந்து, புரதத்தில் இடம்பெற வேண்டிய இருபது வகை அமினோ அமிலங்களுள் ஒன்றைக் குறிக்கின்றன. இந்த மூவெழுத்துத் தொகுதிக்குக் கோடான் என்று பெயர். எடுத்துக்காட்டாக, டி.சி.டி. என்னும் கோடான் செரின் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கும். அதன் முதல் எழுத்தை மட்டும் மாற்றி ஜி.சி.டி. ஆக்கினால் அது அலனினைக் குறிக்கும். செரினுக்கும் அலனினுக்கும் உள்ள வேறுபாடு ஓர் ஆக்சிஜன் அணு மட்டுமே. ஒரு நொதி, அதாவது உயிரணுவில் வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம், இந்த ஒரு மாற்றத்தால் செயலற்றுப்போனால், அந்த ஆக்சிஜன் அணு நொதியின் வேலைக்கு இன்றியமையாதது என்று துணிந்து சொல்லலாம். அணு ஒன்றின் அளவுக்கு நுட்பமான இத்தகைய கேள்வியைக் கேட்க, வேறெதையும் தொடாமல் ஒரேயோர் எழுத்தை மாற்றும் வழி தேவைப்பட்டது.

பொருந்தாத எழுத்தைக் கொண்ட துண்டு

அவ்வழியைக் கண்டவர் இங்கிலாந்தின் பிளாக்பூலில் 1932இல் பிறந்து கனடாவில் குடியேறிய வேதியியலாளர் மைக்கேல் ஸ்மித். மான்செஸ்டரில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றபின் 1956இல் வான்கூவர் நகருக்குச் சென்று, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஹர் கோவிந்த் குரானாவின் ஆய்வகத்தில் சேர்ந்த அவர், குறுகிய டி.என்.ஏ. துண்டுகளை எழுத்து எழுத்தாகக் கோத்து வேதிமுறையில் உருவாக்கும் கலையை அங்கே கற்றார். அத்தகைய துண்டு, தனக்கு எதிரிணையான நீண்ட இழையைத் தேடிப் பற்றிக்கொள்ளும் என்பதோடு, இடையில் ஓர் எழுத்து பொருந்தாமல் இருந்தாலும் வெப்பநிலையைச் சற்றுக் குறைத்தால் பற்றிக்கொள்ளும் என்பதையும் அவருடைய சோதனைகள் காட்டின. 1975இல் கேம்பிரிட்ஜில் பிரெட் சாங்கரின் ஆய்வகத்துக்கு ஓராண்டுக் காலம் சென்றபோது, பாக்டீரியாவைத் தாக்கும் ஃபை எக்ஸ் 174 என்ற வைரஸின் ஐயாயிரத்துச் சொச்சம் எழுத்துகளைப் படித்தறியும் பணி அங்கே நடந்துகொண்டிருந்தது. அப்பணியில் ஈடுபட்டிருந்த கிளைட் ஹட்சிசன் என்ற அமெரிக்க ஆய்வாளரோடு ஏற்பட்ட உரையாடலிலிருந்து இப்புதிய முறை உருப்பெற்றது.

அதன் அமைப்பு எளிமையானது. இந்த வைரஸின் டி.என்.ஏ. ஒற்றை இழையாலான வட்டம். மாற்ற வேண்டிய எழுத்தை நடுவில் கொண்டதும், அதன் இருபுறமும் வைரஸின் வரிசைக்கு முழுமையாகப் பொருந்துவதுமான ஒரு சிறு துண்டை வேதிமுறையில் செய்துகொள்ள வேண்டும். அதை வட்டத்தோடு கலந்தால், நடுவெழுத்து பொருந்தாவிட்டாலும் பக்கத்து எழுத்துகளின் பிணைப்பால் துண்டு தனக்குரிய இடத்தில் ஒட்டிக்கொள்ளும். பின்னர் பாலிமரேஸ் என்னும் நொதி, ஒட்டிய துண்டின் முனையிலிருந்து எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டே வட்டத்தைச் சுற்றி வரும். இவ்வாறு படியெடுத்தலைத் தொடங்கிவைக்கும் துண்டுக்குப் பிரைமர் என்று பெயர். சுற்று முடிந்ததும் லைகேஸ் என்ற வேறொரு நொதி இரு முனைகளையும் இணைத்துவிடும். இப்போது ஓர் இழை பழையது. மற்றது ஓர் எழுத்து மட்டும் மாறிய புதியது. இந்த இரட்டை வட்டத்தை ஈ.கோலை பாக்டீரியாவினுள் செலுத்தினால் அது பெருகும். ஸ்மித்தும் ஹட்சிசனும் அவர்களுடைய சகாக்களும் 1978இல் வெளியிட்ட கட்டுரையில், இவ்வழியில் குறிப்பிட்ட ஓர் எழுத்தை மாற்றியதோடு, மாறிய வைரஸை மீண்டும் பழைய நிலைக்குத் திருப்பியும் காட்டினர்.

பாதி கூடக் கிடைக்காத காரணம்

இரண்டு இழைகளும் சம அளவில் பெருகினால் வழித்தோன்றல்களில் பாதியாவது புதிய எழுத்தைத் தாங்கியிருக்க வேண்டும். நடைமுறையில் கிடைத்த பங்கு அதைவிட மிகக் குறைவு. பாலிமரேஸ் சுற்றி முடிக்காத வட்டங்கள் ஒரு காரணம். ஆனால் ஆழமான காரணம் பாக்டீரியாவின் இயல்பிலேயே உள்ளது. ஈ.கோலை தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது பிழை நேர்ந்தால் அதைக் கண்டறிந்து திருத்தும் புரதங்களை வைத்திருக்கிறது. பொருந்தாத இரு எழுத்துகளைக் கண்டால், அவற்றுள் எது மூலம், எது பிழை என்று அவை தீர்மானிக்க வேண்டும். அதற்கென ஓர் அடையாளம் இருக்கிறது: ஜி.ஏ.டி.சி. என்ற வரிசை வரும் இடங்களிலெல்லாம் ஈ.கோலை அதிலுள்ள அடினினோடு ஒரு மெத்தில் குழுவை, அதாவது ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு தொகுதியை, ஒட்டிவைக்கிறது. புதிதாகப் படியெடுத்த இழையில் இந்த அடையாளம் சிறிது நேரம் கழித்தே ஏறும். ஆகவே அடையாளம் உள்ள இழை மூலம் என்றும், இல்லாதது நகல் என்றும் கொண்டு, நகலின் எழுத்தையே அது வெட்டித் திருத்துகிறது. சோதனைக்குழாயில் செய்யப்பட்ட இழையில் மெத்தில் அடையாளம் இருப்பதில்லை. ஆய்வாளர் வேண்டுமென்றே மாற்றிய எழுத்து, பாக்டீரியாவின் பார்வையில் களைய வேண்டிய பிழையாகிவிடுகிறது.

இச்சிக்கலுக்கு 1985இல் வட கரோலினாவில் தாமஸ் குங்கெல் கண்ட தீர்வு, பழைய இழையின்மீதே பழுது என்ற முத்திரையைக் குத்துவதாக அமைந்தது. யுராசில் என்னும் காரப்பொருள் ஆர்.என்.ஏ.வுக்கு உரியது, டி.என்.ஏ.வில் அதனிடத்தில் தைமின்தான் இருக்க வேண்டும். டி.என்.ஏ.வில் யுராசில் நுழையாமல் காக்க ஒரு நொதியும், நுழைந்துவிட்டால் அதை அறுத்தெறிய இன்னொரு நொதியும் ஈ.கோலையில் உள்ளன. இவ்விரண்டும் இல்லாத ஈ.கோலை வகையில் வைரஸைப் பெருக்கினால், அதன் டி.என்.ஏ.வில் ஆங்காங்கே தைமினுக்குப் பதில் யுராசில் அமைந்துவிடும். ஆனால் அது படியெடுப்பதற்குத் தடையாகாது. அந்த இழையை மூலமாக வைத்துச் சோதனைக்குழாயில் வழக்கமான எழுத்துகளைக் கொண்டு புதிய இழையைச் செய்து, இரண்டையும் இயல்பான ஈ.கோலையினுள் செலுத்தினால், அறுத்தெறியும் நொதி யுராசில் நிறைந்த பழைய இழையைச் சிதைத்துவிட, புதியதே பெரும்பாலும் பிழைத்துப் பெருகுகிறது. வழித்தோன்றல்களில் பாதிக்கு மேல் விரும்பிய மாற்றத்தோடு கிடைக்கத் தொடங்கியதும், இம்முறை உலகெங்கும் ஆய்வகங்களில் வழக்கத்துக்கு வந்தது.

சோதனைக்குழாயில் ஒரு பகல்

இன்று பெரும்பாலான ஆய்வகங்கள் பின்பற்றும் வழி, காரி மல்லிஸ் 1983இல் வகுத்த பி.சி.ஆர். என்னும் படிபெருக்கும் முறையைத் தழுவியது. மல்லிஸும் ஸ்மித்தும் 1993ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டதற்கு ஏற்ப, இருவரின் கண்டுபிடிப்புகளும் பிற்காலத்தில் ஒரே சோதனைக்குழாயில் சேர்ந்துவிட்டன. மாற்ற வேண்டிய மரபணு, பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ. வட்டத்தில் வைக்கப்பட்டிருக்கும். ஏறத்தாழ முப்பது எழுத்து நீளமுள்ள இரண்டு பிரைமர்கள், மாற்றம் நடுவில் வருமாறு இரண்டு இழைகளுக்கும் ஏற்ப வடிவமைக்கப்பட்டு, அவற்றைச் செய்துதரும் நிறுவனத்திலிருந்து சிறு குப்பிகளில் உலர்ந்த நிலையில் வந்துசேரும். ஒரு மில்லிலிட்டரில் இருபதில் ஒரு பங்கு கலவையில் பிளாஸ்மிட்டும் பிரைமர்களும் பாலிமரேஸும் தனி எழுத்துகளும் சேர்க்கப்படும். கருவி அக்கலவையை 95 பாகை செல்சியசுக்குச் சூடேற்றி இழைகளைப் பிரித்து, 55 பாகை அளவுக்குக் குளிர்வித்துப் பிரைமர்களை ஒட்டவிட்டு, 68 அல்லது 72 பாகையில் பாலிமரேஸை வட்டம் முழுவதும் படியெடுக்கவிடும். இச்சுற்று பன்னிரண்டு முதல் பதினெட்டு முறை நடக்கும். அதற்குமேல் நீட்டினால் பாலிமரேஸ் தானே செய்யும் பிழைகளும் சேர்ந்து பெருகும் என்பதால், எழுதியதைச் சரிபார்த்துக்கொண்டே செல்லும் வகைப் பாலிமரேஸையே தேர்ந்துகொண்டு, சுற்றுகளையும் அளவோடு நிறுத்துகின்றனர்.

அடுத்த படியில்தான் இம்முறையின் நுட்பம் உள்ளது. கலவையில் டிபிஎன் 1 என்ற நொதியைச் சேர்த்து 37 பாகையில் ஒரு மணி நேரம் வைக்கின்றனர். நுமோனியாவை உண்டாக்கும் பாக்டீரியா ஒன்றிலிருந்து எடுக்கப்பட்ட இந்நொதி ஜி.ஏ.டி.சி. வரிசையை வெட்டும், ஆனால் அதிலுள்ள அடினினில் மெத்தில் குழு ஒட்டியிருந்தால் மட்டுமே வெட்டும். மூலப் பிளாஸ்மிட் ஈ.கோலையில் வளர்ந்ததால் அதில் மெத்தில் அடையாளம் உண்டு. சோதனைக்குழாயில் பிறந்த நகல்களில் அது இல்லை. முன்பு பாக்டீரியா எந்த அடையாளத்தைப் பார்த்துப் பழைய இழையைக் காத்துப் புதியதைத் திருத்தியதோ, அதே அடையாளம் இங்கே பழையதைத் துண்டாடுவதற்கான குறியாகிவிட்டது. எஞ்சிய நகல்களை ஈ.கோலையினுள் செலுத்தி, பிளாஸ்மிட்டைப் பெற்ற பாக்டீரியா மட்டுமே தாங்கக்கூடிய ஆம்பிசிலின் மருந்து கலந்த அகார் தட்டில் பரப்பிவைத்தால், மறுநாள் காலையில் புள்ளிபுள்ளியாகப் பாக்டீரியாக் குடியிருப்புகள் தோன்றியிருக்கும்.

கவனமுள்ள ஆய்வாளர் இத்தட்டோடு இன்னொரு தட்டையும் வைத்திருப்பார். பாலிமரேஸ் சேர்க்காமல், மூலப் பிளாஸ்மிட்டையும் டிபிஎன் 1 நொதியையும் மட்டும் கலந்து அதே வழியில் பாக்டீரியாவினுள் செலுத்தியது அது. அதில் குடியிருப்புகள் முளைத்திருந்தால் பழையது முழுமையாக அழியவில்லை என்று பொருள்; அப்போது முதல் தட்டின் புள்ளிகளையும் நம்ப முடியாது. இத்தட்டு வெறுமையாக இருந்தாலும் சோதனை முடிந்துவிடுவதில்லை. மூன்று நான்கு குடியிருப்புகளிலிருந்து பிளாஸ்மிட்டைப் பிரித்தெடுத்து, மரபணு முழுவதையும் எழுத்து எழுத்தாகப் படித்து, விரும்பிய எழுத்து மாறியிருப்பதையும் பிற எழுத்துகள் மாறாதிருப்பதையும் உறுதிசெய்த பின்னரே அது அடுத்த ஆய்வுக்குப் பயன்படும்.

மாற்றத்தால் விளைந்தவை

கேம்பிரிட்ஜில் கிரெக் வின்டரும் லண்டனில் ஆலன் ஃபெர்ஷ்டும் ஸ்மித்தோடு சேர்ந்து 1982இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நொதியின் 35ஆம் அமினோ அமிலமான சிஸ்டீனைச் செரினாக மாற்றி, அதனால் நொதியின் பிணைக்கும் வலிமை எவ்வளவு குறைகிறது என்று அளந்தனர். 1984இல் அதே நொதியின் 51ஆம் இடத்திலிருந்த திரியோனினைப் புரோலினாக மாற்றியபோது பிணைக்கும் வலிமை கூடியது. இயற்கை தந்த நொதியை மனிதர் திட்டமிட்டு மேம்படுத்த முடியும் என்று அப்போது தெரிந்தது. 1989இல் பிரையன் கன்னிங்காமும் ஜேம்ஸ் வெல்ஸும் மனித வளர்ச்சி ஹார்மோனின் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக அலனினாக மாற்றிப் பார்த்து, எவையெவை மாறினால் ஹார்மோன் தன் இலக்கைப் பற்ற இயலாமல் போகிறது என்று வரைபடமே தயாரித்தனர். புரதத்தின் முதுகெலும்பைக் குலைக்காமல் பக்கக்கிளையை மட்டும் குட்டையாக்கிவிடும் என்பதாலேயே இவ்வேலைக்கு அலனின் தேர்ந்தெடுக்கப்பட்டது.

வீட்டுக்குள் வந்த பயன்களும் உண்டு. சலவைத்தூளில் சேர்க்கப்படும் சப்டிலிசின் என்னும் நொதி துணியில் படிந்த புரதக் கறைகளைச் சிதைக்கும். ஆனால் சலவைத்தூளிலுள்ள வெளுக்கும் பொருள், அந்நொதியின் 222ஆம் இடத்திலுள்ள மெத்தியோனினை ஆக்சிஜனேற்றம் செய்து அதைச் செயலிழக்க வைத்துவிடும். 1985இல் அந்த ஓரிடத்தில் மற்ற பத்தொன்பது அமினோ அமிலங்களையும் மாறிமாறி வைத்துச் சோதித்தபோது, வெளுப்பானைத் தாங்கும் வகைகள் கிடைத்தன. நீரிழிவு நோயாளிகள் உணவுக்குச் சற்று முன்னர் போட்டுக்கொள்ளும் லிஸ்ப்ரோ இன்சுலினும் இவ்வழியில் பிறந்ததே. இயல்பான இன்சுலின் மூலக்கூறுகள் ஆறாறாகச் சேர்ந்து கிடப்பதால், அவை பிரிந்து இரத்தத்தில் கலக்க நேரமாகும். இன்சுலினின் பி சங்கிலியில் 28ஆம் இடத்துப் புரோலினையும் 29ஆம் இடத்து லைசினையும் இடம் மாற்றினால் அப்பிணைப்பு தளர்ந்து, மருந்து விரைவில் வேலை செய்கிறது. 1996இல் அமெரிக்காவில் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. கொரோனா காலத்தில் ஃபைசர், மாடர்னா நிறுவனங்கள் தயாரித்த தடுப்பூசிகளிலும், வைரஸின் முள் புரதம் வடிவம் குலையாமல் நிற்பதற்காக 986, 987 ஆகிய இரண்டு இடங்களிலும் புரோலின் அமையுமாறு மரபுச்செய்தி திருத்தப்பட்டிருந்தது.

உயிரணுவுக்குள்ளேயே திருத்துதல்

இதுவரை கூறிய மாற்றங்கள் யாவும் உயிரணுவுக்கு வெளியே எடுக்கப்பட்ட டி.என்.ஏ.வில் செய்யப்பட்டவை. உயிரணுவினுள் இருக்கும் குரோமோசோமிலேயே மாற்றம் செய்யும் வழியை எளிதாக்கியது, 2012இல் ஜெனிஃபர் டவுட்னாவும் இம்மானுவேல் ஷார்பென்டியேயும் விளக்கிய கிரிஸ்பர் முறை. இலக்கோடு பொருந்தும் இருபது எழுத்துகளைக் கொண்ட வழிகாட்டி ஆர்.என்.ஏ. ஒன்று, காஸ்9 என்னும் வெட்டும் புரதத்தை உரிய இடத்துக்கு அழைத்துச் செல்ல, அது இரண்டு இழைகளையும் வெட்டுகிறது. வெட்டிய முனைகளை உயிரணு அவசரமாக ஒட்டும்போது சில எழுத்துகள் விடுபடுவதால், மரபணுவைச் செயலிழக்கச் செய்வதற்கு இம்முறை நன்கு பயன்படுகிறது. ஓர் எழுத்தை மட்டும் மாற்றுவதற்கு அது அவ்வளவாக உதவுவதில்லை.

அக்குறையைப் போக்க 2016இல் ஹார்வர்டில் டேவிட் லியூவின் குழு உருவாக்கிய பேஸ் எடிட்டர் என்னும் கருவி, டி.என்.ஏ.வை இரண்டாக வெட்டாமல், சைட்டோசினை அதன் இடத்திலேயே வேதிமாற்றம் செய்து யுராசிலாக்குகிறது. உயிரணு யுராசிலைத் தைமினாகவே படிக்கும். எனவே சி இருந்த இடத்தில் முடிவில் டி நிலைக்கும். ஆனால் யுராசிலைக் கண்டால் அறுத்தெறியும் நொதி மனித உயிரணுவிலும் உண்டு. குங்கெல் எந்த வகை நொதியைத் துணையாகக் கொண்டாரோ, அது இங்கே தடையாகிறது. அதனால் அதை முடக்கும் சிறு புரதம் ஒன்றைக் கருவியோடு சேர்த்தே பிணைத்தனர். அத்துடன் நில்லாமல், மாறாத எதிரிழையில் மட்டும் ஒரு கீறலை உண்டாக்கினர். கீறல் விழுந்த இழையே பழுதுபட்டது என்று கருதும் உயிரணு, மாற்றிய இழையைப் பார்த்து அதைத் திருத்தி எழுதிக்கொள்கிறது. 1978இல் பாக்டீரியா புதியதைப் பிழையென்று களைந்ததற்கு நேர்மாறாக, இங்கே பழையதைப் பிழையென்று உயிரணுவை நம்பவைக்கின்றனர்.

இதன் மருத்துவப் பொருளை அரிவாள் உயிரணு நோய் காட்டுகிறது. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாம் இடத்துக்குரிய ஜி.ஏ.ஜி. என்ற கோடான் ஜி.டி.ஜி. ஆவதால் வரும் நோய் இது. நீலகிரி மலைப் பழங்குடியினரிடையே இந்த மரபுக்கூறு இருப்பதை 1952இல் வெளியான ஆய்வு ஒன்று முதன்முதலில் இந்தியாவில் பதிவுசெய்தது. டியை மீண்டும் ஏ ஆக்கும் திறன் பேஸ் எடிட்டருக்கு இல்லை. ஆனால் 2017இல் வந்த இரண்டாம் வகைக் கருவியால் எதிரிழையின் அடினினைக் குவானினாக்கி, கோடானை ஜி.சி.ஜி. ஆக்க முடியும். அது அலனினைக் குறிக்கும். அத்தகைய ஹீமோகுளோபின் தீங்கற்றதாக இயற்கையிலேயே சிலரிடம் காணப்படுகிறது. இந்தோனேசிய நகரான மக்காசரின் பெயரால் வழங்கும் இம்மாற்றத்தை எலிகளில் செய்து நோயின் அறிகுறிகள் தணிவதை 2021இல் காட்டியுள்ளனர்.

நோயாளிகளின் பயன்பாட்டுக்கு முதலில் வந்ததோ கிரிஸ்பர் முறையிலான கேஸ்கெவி சிகிச்சை. 2023 இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அதற்கு ஒப்புதல் அளித்தன. நோயாளியின் இரத்தக் குருத்தணுக்களை வெளியே எடுத்து, கருவில் இருக்கும்போது சுரந்து பின்னர் நின்றுபோன ஹீமோகுளோபினை மீண்டும் சுரக்கச்செய்யும் வகையில் திருத்தி, சோதித்துப் பார்த்து, உடலுக்குத் திருப்பிச் செலுத்துகின்றனர். ஆனால் எலும்பு மஜ்ஜையில் திருத்தப்படாத குருத்தணுக்கள் இருந்தால் புதியவற்றுக்கு அங்கே இடமிருக்காது. ஆகவே அவற்றை அழிப்பதற்காக நோயாளிக்கு முன்னதாக புசல்ஃபான் என்னும் வீரியமிக்க மருந்து ஏற்றப்படுகிறது. வாரக்கணக்கில் மருத்துவமனையில் தங்க வேண்டியிருப்பதும், நோய்த்தொற்று அபாயமும், பிள்ளைப்பேறு வாய்ப்பை இழக்கக்கூடிய நிலையும் பெரும்பாலும் இம்மருந்தால் வருபவையே, எழுத்தை மாற்றியதால் அல்ல.

சோதனைக்குழாயில் ஒரு மணி நேரத்தில் ஒரு நொதி செய்துமுடிக்கும் வேலைக்கு, மனித உடலில் இத்தனை பெரிய விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. புசல்ஃபானுக்கு மாற்றாக, பழைய குருத்தணுக்களை மட்டும் அடையாளம் கண்டு அகற்றும் எதிர்ப்பொருள்களைத் தேடும் ஆய்வுகளும், மஜ்ஜையை அழிக்காமல் உடலுக்குள்ளேயே திருத்த முயலும் ஆய்வுகளும் இப்போது நடந்துவருகின்றன. மலைக்கிராமம் ஒன்றிலிருந்து வரும் அரிவாள் உயிரணு நோயாளிக்கு இச்சிகிச்சை எட்டுவதும் எட்டாததும், எழுத்தை மாற்றும் கருவி இன்னும் கூர்மையாவதைவிட, அவ்வாய்வுகள் எந்த அளவுக்குப் பலன் தருகின்றன என்பதையே பெரிதும் பொறுத்திருக்கும்.